வட்டத்துக்கு எத்தனை மைல்?

“இன்னும் நாற்பது மைல் இருக்கு. தொடர்ந்து போகலாம்.”

ஒன்பது நாளாக அந்தக் குரல் அவள் காதை விட்டு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போது கேட்கிறது. மகளுக்குத் தலை பின்னும்போது கேட்கிறது. அதில்தான் எத்தனை நிதானம்! தபால் நிலையத்துக்கு வழி கேட்டவரிடம் சொல்வதுபோல. அந்தக் குரலை அப்படியே நெரித்துப் போட வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு.

ராடார் நிலையத்தின் தாழ்வாரத்தில், அதிகாரியின் அறைக்கு வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பைலட்டின் மனைவி. மடியில் ஒரு பை, அதற்குள் இஸ்திரி போட்ட சட்டை. நாளைக் காலை பக்கத்து நாட்டுக்காரர்கள் அவள் கணவனை எல்லையில் ஒப்படைக்கிறார்கள்.

“நீங்க ராடார் ரூம்லயா இருக்கீங்க?”

“ஆமா.”

“அன்னிக்கு இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

“அப்ப நீங்களே சொல்லுங்கக்கா. அடையாளம் தெரியாத விமானம் ஒண்ணு வருது, மறிச்சுத் திருப்பி விடுன்னு இவரை அனுப்பினாங்க. போனார். அந்த ஓட்டை விமானத்துல உக்காந்தா எல்லை என்ன கோடா தெரியுமா, வேலியா தெரியுமா? எங்க பார்த்தாலும் மேகம். கீழ இருக்கறவங்கதானே சொல்லணும்? தாண்டினதும் நாலு விமானம் வந்து சுத்தி வளைச்சு இறக்கிட்டாங்க. பஸ் கண்டக்டர்கூட ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுக்கறார்! யாருக்கா அந்தச் சீட்ல இருந்தது? பேரு வேணாம். மூஞ்சிய மட்டும் காட்டுங்க. ஒரே ஒரு அறை. அப்புறம் என்னைப் பிடிச்சு உள்ள போடட்டும்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே மணி அடித்தது.

அதிகாரி டீ வரவழைத்து வைத்திருந்தார். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்.

“உக்காரும்மா. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. படிக்காமலும் போடலாம்.”

அவள் படித்தாள். ‘எல்லை நெருங்கிவிட்டது, திரும்பவும் என்று மூன்று முறை எச்சரித்தோம். பைலட் கட்டளையை மீறி முன்னேறினார்.’ கீழே, சம்பவ நேரத்தில் அறையில் இருந்தவரின் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“மூணு முறையா சார்?”

“ஏன், ரெண்டுன்னு போடலாமா?” தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

“ஒரு முறைகூட இல்ல. அவர்தான் ரெண்டு முறை கேட்டார், எல்லை எவ்வளவு தூரம்னு. நாற்பது மைல்னு பதில் போச்சு. இருந்தது இருபது.”

“அதுக்குச் சாட்சி? ரிக்கார்டர் ரெண்டு வாரமா ரிப்பேர். நல்லதாப் போச்சு.”

ராடார் திரையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் இருக்கும். வைத்திருக்கும் அளவைப் பொறுத்து ஒரு வட்டம் பத்து மைலாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். அதனால் ஷிப்ட் மாறும்போது வருகிறவர், “வட்டத்துக்கு எத்தனை?” என்று உரக்கக் கேட்க வேண்டும். எழுந்திருக்கிறவர் உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நாற்காலி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம் அது. அன்றைக்கு வந்த ஆள் வீட்டில் போட்ட சண்டையையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது. கேட்கவில்லை. எப்போதும்போல இருபது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு வட்டம் பாக்கி இருப்பதைப் பார்த்து, வாய்கூசாமல் நாற்பது என்றது.

“ஷிப்ட் மாறும்போது கேக்க வேண்டியதைக் கேக்கல சார். அதை எழுதுங்க.”

“எழுதினா இந்த நிலையமே நாறிடும். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு மாசம்தான் இருக்கு. அவன் சின்னப் பையன். ரத்தம் சூடு, வேகத்துல போயிட்டான்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க.”

“அவர் வேலை போயிடும். ஜெயில்லகூடப் போடுவாங்க.”

“அவன் கதையை அவன் பார்த்துக்கட்டும். நீ உன் வீட்டை நினைச்சுப் பாரு. ரெண்டு பொண்ணு படிக்குது. இந்த வயசுல நல்லவள்னு பேர் வாங்கி என்ன பண்ணப் போறே?”

அவளுக்குக் கோபம் வந்தது. அது இவர்மேல் மட்டும் என்றால் எவ்வளவு சுலபம்! மேஜையைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கலாம். 

அவள் பேனாவை எடுத்தாள். அதிகாரியின் முகம் தெளிந்தது. அவள் மூடியைத் தேடி எடுத்து, பேனாவை மூடி, காகிதத்தின்மேல் வைத்தாள்.

“போட மாட்டேன் சார்.” 

“யோசிச்சுத்தான் பேசறியா?”

“ஒன்பது நாளா யோசிச்சாச்சு. விசாரணைக்குக் கூப்பிடுங்க, வந்து சொல்றேன்.”

டீயின்மேல் ஆடை படிந்திருந்தது. அதைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

சரியாகச் சாத்தாத கதவுக்கு வெளியே பைலட்டின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பை கீழே கிடந்தது. 

“கேட்டுட்டேன்க்கா, எல்லாத்தையும் கேட்டுட்டேன். அவரை மாட்டி விடப் பார்த்தாங்க, நீங்க ஒருத்தர்தான்…” அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள்.

அவள் மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

“அதெல்லாம் வேண்டாம்மா. மூஞ்சிய மட்டும் காட்டுன்னு கேட்டீங்களே,” என்று அவளுக்கு நேராக நின்றாள். “அந்தச் சீட்ல இருந்தது நான்தான்.”