இரண்டாவது குருடன்

எரிகோ வழியில் இயேசுவிடம் பார்வை பெற்றது ஒரு குருடனா, இருவரா என்று இறையியல் கல்லூரியில் காலையிலிருந்து வாக்குவாதம். ஒரு சுவிசேஷத்தில் ஒருவன், இன்னொன்றில் இருவர். அந்த இரண்டாமவன் வாசலில் நின்றபடி, சன்னலுக்கு வெளியே மஞ்சளாய்ப் பூத்திருந்த கொன்றையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேதத்துல பிழையே கிடையாது. ரெண்டு பேருதான்” என்றார் போதகர் தேவவரம் ஐயர். மஞ்சள் பளிச்சென்றது.

“எழுதினவருக்கு எண்ணிக்கை பிசகியிருக்கும் ஐயரே. ஒருத்தன்தான். நீங்க கூட நின்னு எண்ணினீங்களாக்கும்?” என்றார் பேராசிரியை சுகிர்தா. மஞ்சள் சாம்பலானது.

“அம்மா, நான் இங்கதான் நிக்கேன்” என்றான் அவன். யாரும் திரும்பவில்லை.

“சாப்பாடு ஆறுது. ஒருத்தன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க” என்றார் முதல்வர்.

கைகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. அவன் எண்ணினான். ஆறாவது கை வரைக்கும் அவனுக்குத் தெரிந்தது.