ஒரு பெயர் மட்டும்

“நாலே செகண்டுல முடிஞ்சிடுதுக்கா. ஆறு மணி நேரம் முக்கி முனகிட்டு இருந்த அதே பட்டியல்தான்.”

பத்து நாள் விடுப்பு முடிந்து அவள் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. அதற்குள் ‘ராக்கெட்’ நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டான். அவன் அவசரத்துக்கு அலுவலகம் வைத்த பெயர் அது.

“கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. லீவு பூரா தூக்கம்தானா? சரி, மூணு மணிக்கு மேனேஜர்கிட்ட, போன மாசத்துலேந்து ஓடற நம்ம புதுப் புரோகிராம் பத்திப் பேசணும். இப்படிச் சொன்னா அவருக்குப் புரியுமான்னு கேளுங்க.”

அவள் கேட்கிறாளா என்று பார்க்காமலே அவன் ஆரம்பித்தான்.

“கிட்னிக்குக் காத்திருக்கிறவங்க பட்டியல், ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு. யாருக்கு ரொம்ப அவசரமோ அவங்க மேல வரணும். ஒரு ஆஸ்பத்திரி பேரு இன்னொண்ணுல கலக்கக் கூடாது. பழைய புரோகிராம் ஒவ்வொரு பட்டியலா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போச்சு. ஒரு ஸ்கூலுக்கே ஒத்தை வாத்தியார் மாதிரி. இப்ப கிராபிக்ஸ் கார்டுல வகுப்புக்கு ஒரு வாத்தியார். எல்லா வகுப்பும் ஒரே நேரத்துல உயரப்படி வரிசையா நிக்குது. எப்படி?”

“ஒரு புகார் வந்திருக்கு,” என்றாள் அவள். “ஒருத்தன் பேரு பட்டியல்லயே வரலை. அவனுக்குப் போக வேண்டிய கிட்னி வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. அவன் செத்துட்டான். ஏன் வரலைன்னு எனக்குத் தெரியணும்.”

அவன் முகம் வெளிறிவிட்டது. “எந்த ஆஸ்பத்திரி?”

“சின்னது. பெரிய ஆஸ்பத்திரியில அவனுக்கு முன்னாடி நாற்பது பேர். இங்க யாருமே காத்திருக்கலை, முதல் பேரா வருவான்னு போன மாசம்தான் இங்க மாத்தினாங்க.”

“புகார் குடுத்தது யாரு?”

“அவனோட அக்கா.”

அவன் விசைப்பலகையை இழுத்தான். “முதல் பேரு எப்படிக்கா காணாமப் போகும்? நடக்காத காரியம்.”

“பட்டியல்ல ஒரே ஒரு பேருன்னா?”

“அதுல வரிசைப்படுத்த என்ன இருக்கு? முதல்லயும் அவர்தான், கடைசியிலயும் அவர்தான். ஒரே பேருன்னா தொடாதேன்னு புரோகிராம்ல ஒரு வரியே இருக்கு.”

“ஓட்டிக் காட்டு.”

அவன் ஐந்து பேர் கொண்ட பட்டியல் ஒன்று, மூன்று பேருடையது ஒன்று, ஒரே ஒருவர் மட்டும் உள்ளது ஒன்று என மூன்றைக் கொடுத்தான். கண் இமைப்பதற்குள் ஐந்து பேரும் வரிசையாக வந்தார்கள். மூன்று பேரும் வந்தார்கள். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

அவன் திரும்ப ஓட்டினான். திரும்பவும் வெறுமைதான்.

“ஐயோ,” என்றான் மெதுவாக. “வரிசைப்படுத்தின பேர்களை மட்டும்தான் புதுப் பட்டியல்ல எழுதுது. தொடாம விட்ட பேரு பழசுலயே நின்னுடுச்சு.”

அவள் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மூணு மணிக்கு என் சீட்டு கிழிஞ்சிடும்கா. ஆனா சத்தியமா, இந்த வரி நான் எழுதின மாதிரியே இல்ல.” அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். அந்த வரியை எழுதியவர் பெயரும் தேதியும் திரையில் வந்தன.

இருவரும் படித்தார்கள். அது அவள் பெயர்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே அதற்காக வெட்கமும் வந்தது. நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“விடுங்கக்கா. வேகம் கூடணும்னுதானே போட்டீங்க. நானும் பாத்தேன், எனக்கும் தோணலையே. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் புகார் குடுத்த அம்மாவைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் சமாளிக்கிறேன். நாலு வார்த்தை பதமாப் பேசினா அடங்கிடுவாங்க. அவங்க நம்பரை மட்டும் குடுங்க.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“என் நம்பர் உன்கிட்ட இல்லையாடா?”