சுவரில் உப்பு

அங்காளம்மாள் புது அறையின் சுவரை நாக்கால் நக்கிக்கொண்டிருந்தாள். அதை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு முனியம்மாள்.

நேராகப் போய் அங்காளத்தின் மாமியாரிடம் சொன்னாள்.

“தெய்வநாயகிக்கா, உன் மருமவ செவுத்த நக்கறா. சக்களத்தி வர்ற அறையாச்சே, நக்கியே கரைச்சிடலாம்னு பாக்கறா போல.”

அங்காளத்துக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. அவள் புருஷன் செங்கல்வராயனுக்குப் பொன்னேரியில் இரண்டாவது பெண் பேசி முடித்துவிட்டார்கள். தையில் கல்யாணம். பழவேற்காட்டில் டச்சுக்காரரான ஒல்லாந்தர் கோட்டைக்கு வேலை செய்த கொத்தனாரைப் பிடித்து, வரப்போகிறவளுக்கென்று செங்கல்லில் ஓர் அறையும் கட்டியாயிற்று.

தெய்வநாயகிக்கு வேறொன்று பொறி தட்டியது.

“செவுத்தையா? நல்லாப் பாத்தியா?”

“என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“அது மசக்கைடி. செங்கல்வராயன் வயித்துல இருந்தப்ப நான் அடுப்புச் சாம்பலே தின்னேன்.”

சொல்லிக்கொண்டே ஓடினாள். ஓடும்போதே மகனைக் கூப்பிட்டாள்.

“டேய், பொன்னேரிக்குப் போ. பொண்ணு வேணாம்னு சொல்லிட்டு வந்துடு.”

மருமகளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். ஏழு வருடத்தில் இதுதான் முதல் முறை.

“எத்தினி நாளாச்சு? ஏம்மே என்கிட்ட சொல்லல? தின்ன இன்னா வேணும், சொல்லு.”

அங்காளத்தின் உதட்டில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. வாசலில் செங்கல்வராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பிவிட்டான். அவள் பேசாமல் இருந்தாலே போதும்.

“அவர நிறுத்துங்க அத்தை. அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“பின்ன எதுக்கு நக்கின?”

“எங்க நைனா சுண்ணாம்புக் காளவாயில இருந்தவரு. பூச்சுல உப்பு இருக்கான்னு நாக்குல வெச்சுத்தான் பாப்பாரு. செவுரு உப்புக் கரிக்குது. உப்புத்தண்ணி ஏரி மணலைக் கழுவாமயே பூசியிருக்காங்க.”

தெய்வநாயகியின் கை கீழே இறங்கியது.

“கரிச்சா இன்னா இப்ப?”

“மழ வந்தா செவுரு ஈரத்த இழுக்கும். பூஞ்சணம் பூக்கும். பூச்சைச் சுரண்டிட்டு, நல்ல தண்ணியில கழுவின மணல்ல திரும்பப் பூசச் சொல்லுங்க.”

“அவ இருக்கப்போற அறை. உனக்கு இன்னாமே அக்கறை?”

“வர்ற பொண்ணு நம்ம கொழந்தையப் பெத்து இங்கதான அத்தை படுக்க வெக்கும். பச்சப் புள்ளைக்கு ஈரம் ஆவாது.”