யப்பான் மாமி

"மகள், நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. பிள்ளையை நான் பாக்கிறன்."

எப்சிபா இப்படி வாசித்ததும், சோபாவில் படுத்திருந்த அவள் கணவன் அனுஷன் தலையைத் தூக்கினான்.

டீவியில் அந்த நேரம் ஒரு யப்பான் மாமியார் தன் மருமகளின் துணிமூட்டையைத் தெருவில் எறிந்துகொண்டிருந்தாள். கீழே ஓடிய டேனிஷ் எழுத்து, 'இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதே' என்றது.

டென்மார்க்கின் வைலே நகரில் பிறந்து வளர்ந்தவன் அனுஷன். டேனிஷ் வாசிப்பதில் அவனுக்குப் பிழை வருமா?

இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று மூன்று நாளாக வேலைக்குப் போகாமல் கிடக்கிறான். அதனால்தான் காலை ஒன்பது மணிக்கு வீட்டில் நடக்கும் இந்தக் கூத்து அவன் கண்ணில் பட்டது.

அவனுடைய அம்மா அருமைநாயகி முப்பது வருசம் துப்புரவு வேலை செய்தவர். டேனிஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் யப்பானின் காலை நாடகத்தை ஒரு நாளும் விடமாட்டார். கீழே ஓடும் எழுத்தை மருமகள் எப்சிபா தமிழில் வாசிக்கவேண்டும். அவள் மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை.

"பாத்தியே, தம்பி?" என்றார் அருமைநாயகி. "என்ன குணம் அந்த மாமிக்கு! யப்பான்காரர் அன்பாக் கதைச்சாலும் அடிக்க வாற மாதிரித்தான் இருக்கும்."

"அம்மா, அது..."

"பொறு, கிருபாமலர் எடுக்கிறா."

அம்மாவின் சிநேகிதி கிருபாமலர் ஓகூஸ் நகரில் இருக்கிறார். நாடகம் முடிந்த கையோடு அபிப்பிராயம் சொல்ல போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்கள்.

"நாயகியக்கா, இண்டைக்கு அந்த மாமிக்காரி பெட்டையை அடிச்சுக் கலைச்சுப்போட்டாளெல்லே?"

"ஆர் சொன்னது? படிக்கப் போ எண்டெல்லோ அனுப்பினவ! உமக்கு வாசிச்சுச் சொல்ல ஆளில்லை. நீர் படம் மட்டும் பாக்கிறீர்."

"மூட்டையையெல்லே எறிஞ்சவ?"

"படிக்கப் போறவள் மூட்டையைக் கொண்டுபோகத்தானே வேணும்?"

"எனக்கெண்டா உந்த நாடகம் துண்டாப் பிடிக்கேல்லை, அக்கா. எப்ப பாத்தாலும் அந்தப் பெட்டை சிரிச்சுக்கொண்டு ஓடுறாள். யப்பானில பஸ் இல்லையே? ஆறு மாசம் ஓடி, கடைசியா ஒரு சாப்பாட்டுக்கடை திறப்பாள். உடன அடுத்த நாடகத்தில வேற பெட்டை ஓடத் தொடங்குவாள்."

"அவளவை படிச்சுப்போட்டு ஓடுறாளவை. எங்கட பெட்டையள் சோபாவில கிடக்கிறவைக்குத் தேத்தண்ணி ஊத்தியெல்லோ ஓடுதுகள்."

எப்சிபா குனிந்தபடி குழந்தையின் காலுறையைக் கழற்றினாள். பிறகு அதையே திரும்பவும் போட்டுவிட்டாள்.

முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடிதம் இரண்டு கிழமையாகக் குளிர்பெட்டிக் கதவில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடாவிட்டால் இடம் போய்விடும். இன்று வியாழன். மாமியிடம் ஒரு சொல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அம்மா போனை வைத்ததும் அனுஷன் நாரி நோவையும் மறந்து எழும்பி இருந்தான்.

"அம்மா, இவள் உங்களை ஏமாத்துறாள்! அங்க எழுதியிருந்தது வீட்டுப் படி மிதிக்காத எண்டு. இவள் தன்ர எண்ணத்துக்குப் புளுகி வாசிக்கிறாள். படிக்கப் போறதுக்கு உங்களை மெல்ல மெல்ல வளைக்கிறாள்."

எப்சிபாவின் முகம் வெளிறிப்போனது. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அருமைநாயகி டீவியை நிற்பாட்டினார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமோ?"

"எழுத்துத்தான் எனக்குத் தெரியாது. கண் தெரியுமெல்லோ? போன கிழமை அந்த மனுசி சுடுதண்ணியை ஊத்த ஓங்கினவ. இவள் என்ன வாசிச்சவள் தெரியுமே? 'குளிருது மகள், சுவெற்றரைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போ.'"

"பிறகேன் பேசாம இருந்தனீங்கள்?"

"யப்பான்காரன் எழுதினதை விட இவளின்ர கதை நல்லாயிருந்தது. அதோட, இந்த நாலு வருசத்தில இவள் எனக்கு முன்னால வாய் திறந்து கதைச்சது அந்தக் கால் மணித்தியாலம்தான்."

அனுஷன் விடவில்லை. "அதுக்காகப் பொய் சொல்லுறதோ? உங்களிட்ட நேர கேட்டிருக்கலாமெல்லோ?"

"ஓம், அது நியாயமான கேள்வி." அருமைநாயகி மருமகளின் பக்கம் திரும்பினார். "ஏன் பிள்ளை, என்னட்டை நேர கேக்கேல்லை?"

எப்சிபா நிலத்தைப் பார்த்தாள். "நீங்கள் ஒருக்காலும் விடமாட்டியள் எண்டு..."

"எண்டு?"

"இவர் சொன்னவர், மாமி. கேட்டா உங்களுக்கு நெஞ்சு வருத்தம் வந்திடும் எண்டும் சொன்னவர்."

அனுஷன் மெல்லச் சரிந்து படுத்தான். நாரி திரும்பவும் நோகத் தொடங்கிவிட்டது.

"எனக்கு நீ என்ன சொன்னனி, தம்பி?" என்று கேட்டார் அருமைநாயகி. "'இடம் கிடைச்சிருக்கு அம்மா, ஆனா எப்சிபாவுக்குத்தான் படிக்க விருப்பமில்லையாம். வீட்டில இருந்து சமைக்கத்தான் ஆசையாம்.' அப்பிடித்தானே?"

அனுஷன் சோபாத் தலையணையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான்.

அருமைநாயகி எழும்பிப் போய் அந்தக் கடிதத்தை எடுத்து வந்து மருமகளின் கையில் கொடுத்தார். குழந்தையைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"இப்பவே போன் பண்ணி ஓம் எண்டு சொல்லு, பிள்ளை."

பிறகு மகனைப் பார்த்தார்.

"அவள் தன்ர பொய்யை யப்பான்காரியின்ர வாயில வைச்சாள். நீ உன்ர பொய்யை என்ர வாயிலயெல்லோ வைச்சனி!"