பாதியில் எழுந்து போனவர்

"வெட்கப்படாம சொல்லுங்க. அரசாங்க டெண்டர்ல ஜெயிக்க மொதல்ல என்ன வேணும்?" என்று கேட்டார் ட்ரெவர்.

கனடாவின் வடக்குப் பனிப்பிரதேசத்தில் இருக்கும் அர்வியட் ஊர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பதினோரு இனுயிட் பழங்குடிச் சிறு முதலாளிகளும் டீயைக் குடித்தார்கள்.

"வாய். அவங்கவங்க பெருமையை அவங்கவங்கதான் சொல்லணும்" என்று அவரே பதிலையும் சொன்னார்.

இனுயிட் தொழில்களைக் கைதூக்கி விட, டெண்டர் வகுப்பெடுக்கத் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து வந்த அதிகாரி அவர். அக்கறையான மனுஷன். உள்ளூர்க்காரர்களுக்கு எதற்குச் சிரமம் என்று மதியச் சாண்ட்விச்சைக்கூடத் தெற்கே வின்னிபெக் நகரத்திலிருந்து விமானத்தில் ஏற்றி வந்திருந்தார்.

லீட்டியா பக்கத்திலிருந்த புருஷனை முழங்கையால் இடித்தாள். "கேட்டுக்கிட்டியா? வாயாம்."

சிமியோனி டீக் கோப்பைக்குள் பார்த்தான். குளிருக்குக் கட்டடங்களைச் சூடாக்கும் பாய்லர்களை ரிப்பேர் செய்வதில் அவன் கையை யாரும் குறை சொன்னது கிடையாது. வாய்தான் இல்லை.

போன டெண்டருக்கு ஒட்டாவாவிலிருந்து போனில் பேட்டி எடுத்தார்கள். பெரிய பாய்லர் பார்த்ததுண்டா என்று கேட்டதும் சிமியோனி ஐயா இனுயிட் வழக்கப்படி புருவத்தை உயர்த்தினார். குளிர்காலத்தில் தனியாகச் சமாளிப்பீர்களா என்றதும் மறுபடியும் புருவம். அனுபவத்துக்கு முப்பதுக்குப் பூஜ்யம் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

"போன்ல புருவத்தைத் தூக்கி ஆமான்னு சொன்னா, ஒட்டாவாவுல இருக்கிறவனுக்கு எப்படிய்யா தெரியும்?" என்று லீட்டியா ஒரு வாரம் அவனை உண்டு இல்லை என்று ஆக்கினாள்.

அந்த வேலை ஒரு வின்னிபெக் கம்பெனிக்குப் போய்விட்டது. இந்த மண்டபத்து பாய்லரும் இப்போது அவர்கள் பொறுப்புதான்.

வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட பாய்லருக்கு டெண்டர். அதுவும் போனால் கடையை மூடிவிட்டு சிமியோனி தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் ஆள் இருக்காது. இந்த வகுப்பின் சர்டிபிகேட் இருந்தால் பத்து மார்க் கூடுதல் என்றார்கள். அதற்காகத்தான் அவனை இழுத்து வந்து உட்கார வைத்திருந்தாள்.

மூன்று மணிக்கு மண்டபத்து பாய்லர் நின்றுபோனது. வெளியே பனிப்புயல். மைனஸ் முப்பத்தெட்டு.

சிமியோனி காதைத் தீட்டிக்கொண்டு பாதி எழுந்தான்.

"உட்காரு. அது உன் வேலை இல்ல" என்றாள் லீட்டியா.

ட்ரெவர் அவசர நம்பருக்குப் போன் போட்டுவிட்டு, கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டை மாட்டிக்கொண்டார். "கவலையே வேணாம். வின்னிபெக் கம்பெனி பார்த்துக்கும். நாம அடுத்த பாடத்துக்குப் போவோம்."

பத்து நிமிடம் கழித்து சிமியோனியின் போன் அதிர்ந்தது. காதில் வைத்துக் கேட்டான். எழுந்தான்.

லீட்டியா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க போற? இன்னும் ஒரு மணி நேரம்தான். பத்து மார்க்குய்யா."

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு போயே விட்டான்.

ட்ரெவர் தலையை ஆட்டினார். "பார்த்தீங்களா? இதுதான் பிரச்சினை. கொஞ்சம் குளிர் எடுத்தாப் போதும், எழுந்து ஓடிடறாங்க."

மற்ற பத்துப் பேரும் லீட்டியாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

நாற்பது நிமிடத்தில் மண்டபம் சூடேறத் தொடங்கியது. ட்ரெவர் இரண்டு கோட்டையும் கழற்றினார்.

"ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்காங்க. இந்தப் புயல்லயும் சரி பண்ணிட்டாங்க பாருங்க. இதுக்குப் பேர்தான் அனுபவம்." அவர் கைதட்டினார். மரியாதைக்கு மற்றவர்களும் தட்டினார்கள்.

பிறகு சர்டிபிகேட் கொடுத்தார். சிமியோனியின் பெயர் வந்ததும் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டார். "பாதியில போனவருக்குக் கிடையாது. அக்கறைன்னு ஒண்ணு வேணுமில்ல?"

லீட்டியா கொதித்துப் போய் வெளியே வந்தாள். வாசலில் சிமியோனி துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். கன்னமெல்லாம் கரி.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? மார்க்கும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. இனி சுரங்கந்தான்."

"பின்னாடி பாய்லர் ரூம்லதான் இருந்தேன்" என்றான் சிமியோனி. "வின்னிபெக் கம்பெனிக்காரன் போன் பண்ணினான். புயல்ல அவங்க ஆள் வர விமானம் இல்லையாம். இந்த ஊர்ல அனுபவம் உள்ள ஆள் நான் ஒருத்தன்தான்னு ரொம்பக் கெஞ்சினான்."