கெங்கம்மாள் கட்டிய ஏரியல்

“எறங்கறியா, ஏணிய எடுத்துடட்டுமா?”

கீழே நின்று கத்தினார் பெரியதம்பி. அவர் கையில் கொடுவாள். கெங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டு வீட்டின் முகட்டில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, மூங்கில் கழியில் கட்டிய பீங்கான் குண்டில் செப்புக் கம்பியை இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எடுத்துக்கினு போங்க மாமா. எறங்கற வேலை எனக்கு இப்ப இல்ல.”

வாசலில் திண்டிவனத்தில் பாதி கூடிவிட்டது. சேலையை வாரிச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை கூரையேறி நிற்கிறாள். அதுவும் புருஷனின் அண்ணன் கீழே நிற்கும்போது. இதைவிட என்ன வேடிக்கை வேண்டும்?

பெரியதம்பிக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. அவருடைய மச்சான் மகனுக்குத்தான் கெங்கம்மாளின் மகள் செண்பகத்தை நிச்சயம் பண்ணியிருந்தது. மெட்ராஸில் காலேஜ் படித்த பெண். பந்தக்கால் நட்ட மறுநாள், “எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனவள், மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது ஒரு சரக்கு விமானத்தில் துணை விமானி.

அவள் போன அன்று அப்பா முருகையன் நடுக்கூடத்தில் நின்று சொன்னார்: “அவ பேரு இனிமே இந்த வூட்ல கேக்கக் கூடாது.” ரேடியோவைக்கூடத் தூக்கிப் பரணில் போட்டார்.

அதற்கப்புறம் மகளைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. வயல், வீடு, புதன்கிழமையானால் விழுப்புரம் மண்டி. மல்லாட்டைக் கடலை அறுவடை இல்லாத மாசத்தில்கூட விலை கேட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார்.

கெங்கம்மாளும் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தாள், மிஷன் பள்ளிக்கூடத்து லூர்துமேரி டீச்சர் வரும்வரை. டீச்சர் மெட்ராஸில் செண்பகத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“அக்கா, புதன்கிழமையானா மத்தியானம் நம்ம ஊருக்கு மேலதான் திருச்சிக்குப் போறாளாம். மேலேருந்து கீழ இருக்கறவங்களோட பேசறது அவ வேலைதானாம். வெளியில உசரமா ஏரியல் கட்டினா, வூட்டு ரேடியோவுலயே சிற்றலையில கேக்குமாம்.”

அவ்வளவுதான். கெங்கம்மாள் பரணிலிருந்து ரேடியோவை இறக்கித் தூசி தட்டினாள். கிணற்றடி ஈரமண்ணில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, அதில் எர்த் கம்பியைச் சுற்றினாள். வடக்கே புளியமரத்தில் தானே ஏறி, ஏரியலின் ஒரு முனையைக் கட்டினாள். முகட்டில் மறுமுனையைக் கட்டிவிட்டால் தீர்ந்தது.

புருஷன் விழுப்புரத்திலிருந்து பொழுது சாய்ந்துதான் வருவார் என்றுதான் புதன்கிழமையாகப் பார்த்து ஏறியிருந்தாள். பெரியதம்பி வந்து நிற்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

“குடும்ப மானத்த கம்பியில கட்டித் தொங்கவுடறியா?” என்றார் பெரியதம்பி.

“எம் பொண்ணு பேசறத நான் கேட்டா போற மானம், போவட்டும் மாமா.”

கூட்டம் சட்டென்று விலகியது. துணிப்பையும் கையுமாக முருகையன் வந்துகொண்டிருந்தார். முகம் கறுத்துக் கிடந்தது.

“விழுப்புரம் வண்டிய வுட்டுட்டேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நல்லதாப் போச்சு தம்பி! உம் பொண்டாட்டி பண்ற பேஜார பாரு. ஓடிப்போனவ குரல இவ வூட்டுக்குள்ள கொண்டாரப் போறாளாம். நீ அறுக்கறியா, நான் அறுக்கட்டுமா?”

முருகையன் முகட்டைப் பார்த்தார். புளியமரத்தைப் பார்த்தார். கம்பியின் நீளத்துக்கும் கண்ணை ஓட்டினார். பிறகு கையை நீட்டினார்.

“கொடுவாளக் குடுங்கண்ணே.”

அவர் ஏணியில் ஏறினார். கெங்கம்மாள் நகரவில்லை. கழியை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“அறுங்க. இன்னிக்கி அறுத்தா நாளைக்கிக் கட்டுவேன். நாளைக்கி அறுத்தா மறுநாளும் கட்டுவேன். நீங்க சொன்னீங்கன்னு இத்தினி வருசம் பெத்த பொண்ணு பேர முழுங்கிக்கினு கெடந்தேன். இனிமே முடியாது. வூட்ட வுட்டுப் போன்னாலும் சரி, இந்த ரேடியோவத் தூக்கிக்கினுதான் போவேன்.”

முருகையன் முகட்டுக்கு வந்துவிட்டார். கொடுவாளை ஓங்கி ஒரே வெட்டு. முடிச்சு தெறித்து, கம்பி சரசரவென்று ஓட்டின்மேல் சரிந்தது.

“அப்டிப் போடு!” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் பெரியதம்பி.

கெங்கம்மாள் குனிந்து, அறுந்த முனையை எட்டிப் பிடித்தாள். திரும்பக் கட்டப் போனவளின் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினார் முருகையன்.

“தெக்கு வடக்கா கட்டினா ஒண்ணும் கேக்காதுடி. புளியமரத்துலேருந்து அவுத்து, கெழக்கால தென்னைக்கு இழு. ஜல்தி, நேரமாவுது.”

அவள் கம்பியோடு திரும்பினாள். “உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“விழுப்புரத்துல அப்டி கட்டித்தான் வாரா வாரம் செண்பகத்தக் கேக்கறேன்.”