சம்மதம் தராதவன்

வாகனச் சோதனையில் தப்பி ஓடினான், சுட்டோம், செத்தான் என்று தினகரனைப் பற்றிப் போலீஸ் எழுதியது. ரோந்து வண்டியின் கேமராப் பதிவைக் கேட்டு அவன் அம்மா தவமணி ஒரு வருடம் அலைந்தாள்.

பதிவை வெளியே தர, அதில் இருப்பவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களை இயந்திரம் படத்திலிருந்து அழித்துவிடும். செத்தவன் எப்படிப் போடுவான்?

அலுவலகத் திரையில் பதிவு ஓடியது. சாய்ந்து கிடந்தது அவன் பைக். யாருமில்லாத இடத்தை நோக்கி இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை நீட்டினார். மாலை வெயிலில், தார்ச்சாலையில் ஒரு நிழல் மட்டும் மண்டியிட்டிருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே.

“என் புள்ள ஓடலை சார், பாருங்க!”

கிளார்க் எட்டிப் பார்த்தார்.

“அடடா, நிழலு விட்டுப்போச்சா? செத்த இருங்கம்மா, சரிபண்ணித் தர்றேன்.”